கண்ணாடியில் ஒரு கப்சா

சலூன்காரருக்கு அம்மா அப்பா வைத்த பெயர் ஒன்று உண்டு. கடை வாசலில் பலகை மாட்டியபோது அதைத்தான் பெரிய எழுத்தில் எழுதச் சொன்னார். பயன் ஒன்றும் இல்லை. தெரு அவரைக் கப்சா என்றுதான் கூப்பிட்டது. வாயைத் திறந்தால் பாதி நிஜம், பாதி கப்சா. எது எந்தப் பாதி என்று யோசித்து முடிப்பதற்குள் தலைமுடி தரையில் கிடக்கும்.

முன்மண்டை வழுக்கையான வாடிக்கையாளரிடம், "பின்னாடி புதுசா கிளம்புது சார், நான்தான் பார்க்கிறேனே" என்பார். மீசை அரும்பாத பையன்களிடம், வெறும் நுரையை அடிக்கடி தடவினால் மீசை பயந்து தானாக வெளியே வரும் என்பார். பக்கத்துத் தையல்கடைக்காரர் ஒருமுறை கத்தரியை இரவல் கேட்டார். "குடுக்கலாம். ஆனா கீழே ஒரு தலை இல்லைன்னா அது வெட்டாது. அப்படிப் பழகிடுச்சு" என்று சொல்லி அனுப்பிவிட்டார். ஒன்றை மட்டும் சொல்லிவிட வேண்டும். யாரையும் அழவைக்கிற பொய் அவர் வாயிலிருந்து வந்ததே இல்லை.

பள்ளிக்கூடத்துக்கும் அவருக்கும் பேச்சுவார்த்தை பாதியிலேயே முறிந்திருந்தது. முறித்து வைத்தது இங்கிலீஷ். பரீட்சையில் வார்த்தை தெரியாத இடத்தை மற்ற பிள்ளைகள் காலியாக விடுவார்கள். கப்சா விடமாட்டார். சொந்தமாக ஒன்றைச் செய்து வைப்பார். பார்க்க லட்சணமாக இருக்கும், அர்த்தம்தான் இருக்காது. "இது எந்த அகராதியிலடா இருக்கு?" என்று வாத்தியார் கேட்டார். "இனிமேதான் சார் வரும்." வகுப்புக்கு வெளியே போய் நில் என்றார் வாத்தியார். வெளியே போனவர் நிற்கவில்லை. நடந்துபோய் சித்தப்பாவின் சலூனுக்குள் நுழைந்துவிட்டார்.

அந்தத் தொழிலில் கத்தி ஒருநாள் கட்டைவிரலைப் பதம் பார்த்தது. ஆஸ்பத்திரியில் தையல் போட உட்கார்ந்த நர்ஸ், "எப்படி ஆச்சு?" என்று கேட்டார்.

"சிங்கத்துக்குப் பிடரி ட்ரிம் பண்ணிட்டிருந்தேன். திடீர்னு திரும்பிடுச்சு."

நர்ஸ் ஊசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "கப்சா" என்றார்.

நம் பெயர் இவளுக்கு எப்படித் தெரியும் என்று அவர் ஆடிப்போனார். பெயர் தெரியாது, பொய்தான் தெரிந்திருக்கிறது. தையல் பிரிக்கப் போன அன்று இன்னும் சிலதைச் சொல்லிப் பார்த்தார். எல்லாவற்றையும் முகம் மாறாமல் பிடித்துவிட்டார் நர்ஸ். அதற்குப் பிறகு, ஆறிப்போன விரலைத் தூக்கிக்கொண்டு எதற்காக அத்தனை முறை ஆஸ்பத்திரிக்கு நடந்தார் என்று தெருவில் யாரும் கேட்கவில்லை. கல்யாணத்துக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தார்கள்.

முன்னால் கடை, நடுவில் ஒரு திரைச்சீலை, பின்னால் வீடு. நர்ஸுக்கு வெகுநாளாக ஓர் ஆசை இருந்தது. தீக்காயம் பட்ட குழந்தைகளைப் பார்க்கும் வேலையைச் சரியாகக் கற்றுக்கொள்ள வேண்டும். அவருடைய ஆஸ்பத்திரியில் அதற்கு வசதி இல்லை. கட்டுப் போட்டு, ஆம்புலன்ஸில் ஏற்றி, வேறு எங்கோ அனுப்பிவிடுவார்கள். "ஏத்தி விட்டுட்டுக் கதவைச் சாத்திட்டு வந்துடுறோம். அப்புறம் அந்தப் பிள்ளை என்ன ஆச்சுன்னே தெரியாதுங்க" என்பார். கடல் தாண்டி ஒரு பெரிய ஆஸ்பத்திரி அவரை எடுத்துக்கொள்ளத் தயாராக இருந்தது. சில வருட வேலை, அதோடு பயிற்சி. இங்கிலீஷ் தேர்வு ஒன்றுதான் பாக்கி. அதில் ஏற்கெனவே ஒருமுறை வழுக்கியாயிற்று. பேச்சு வந்தது, எழுத்து வந்தது, வார்த்தைகள்தான் காலை வாரின.

"ராத்திரி படிக்கிறேன், காலையில ஒண்ணும் நிக்கல. ஒவ்வொரு வார்த்தையும் தனித்தனியா நிக்குது. சொந்தபந்தமே இல்லாத அனாதை மாதிரி" என்று புத்தகத்தை மூடினார்.

கப்சா அன்றைக்கு மட்டும் பதிலுக்குப் பொய் ஒன்றும் சொல்லவில்லை.

காத்திருப்பவர்கள் புரட்டுவதற்காகக் கடை பெஞ்சில் பழைய பத்திரிகைகள் ஒரு குவியல் கிடக்கும். அதற்குள் அட்டை இல்லாத ஓர் இங்கிலீஷ் புத்தகம் ரொம்ப நாளாக ஈ ஓட்டிக்கொண்டிருந்தது. யாரோ முடி வெட்ட வந்தபோது விட்டுப்போனது. லத்தீன் என்று ஒரு பழைய மொழி, இங்கிலீஷ் வார்த்தைகளில் ஏகப்பட்டவை அதன் வேரிலிருந்து முளைத்தவை, வேரைப் பிடித்தால் கூட்டத்தையே பிடிக்கலாம் என்பதுதான் அதில் இருந்த விஷயம். கப்சா எழுத்துக்கூட்டி முதல் பக்கத்தைத் தாண்டியபோது நாற்காலியில் லாரிக்காரர் நுரை பூசி உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே, உங்க வண்டி நெத்தியில என்ன எழுதியிருக்கு?"

"டிரான்ஸ்போர்ட்."

"போர்ட்னா லத்தீன்ல தூக்கிட்டுப் போறது. டிரான்ஸ்னா அந்தப் பக்கம். இங்கேருந்து அந்தப் பக்கத்துக்குத் தூக்கிட்டுப் போறது."

"கப்சா."

"சத்தியமாண்ணே. புத்தகத்துல போட்டிருக்கு."

லாரிக்காரர் கண்ணாடியில் தன்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். "இத்தனை வருஷமா ஓட்டுறேன். நான் என்ன வேலை பார்க்கிறேன்னு என் வண்டியிலயே எழுதியிருக்கா? அப்ப எக்ஸ்போர்ட்?"

"அவன் வெளியூர் போன பிள்ளை. வெளியே தூக்கிட்டுப் போறவன். இம்போர்ட் உள்ளே கொண்டு வர்றவன். எல்லாம் ஒரே வயித்துப் பிள்ளைங்க."

"ஸ்டேஷன்ல நிக்கிறானே, போர்ட்டர்?"

"நீங்களே சொல்லுங்க."

லாரிக்காரருக்குச் சிரிப்பு வந்து நுரை மூக்குக்குள் போனது.

கப்சாவுக்குப் பிடிபட்டுவிட்டது. வார்த்தைகள் அனாதை இல்லை. அவற்றுக்கு அண்ணன் தம்பி, சித்தி மாமா எல்லாம் இருக்கிறார்கள். கூட்டிவந்து ஒன்றாக நிற்க வைக்கத்தான் ஆள் இல்லை. தனக்கு அவ்வளவு வார்த்தை தெரியாது. ஆனால் தலையை ஆட்டமுடியாமல் உட்கார்ந்திருக்கும் மனிதர்கள் நாள் முழுக்க வருகிறார்களே.

மறுநாளிலிருந்து ஒரு துண்டு சோப்பால் கண்ணாடியில் வேர்களை எழுத ஆரம்பித்தார். நாற்காலியில் உட்கார்ந்தவர் தன் முகத்தைப் பார்த்தால் நெற்றிக்கு மேலே ஒரு லத்தீன் வேர் தெரியும். ஜெக்ட் என்றால் வீசுவது என்றார். மருந்துக்கடைக்காரர் உடனே, "இஞ்செக்‌ஷன்! உள்ளே வீசுறது" என்றார். ரிஜெக்ட், திருப்பி வீசுவது, தையல்கடைக்காரர் தந்தார். அவருடைய சட்டை ஒன்று அன்று காலையில்தான் அப்படித் திரும்பி வந்திருந்தது. ஸ்பெக்ட் என்றால் பார்ப்பது என்றதும் பாங்க் வாசலில் நிற்கும் காவலாளி இன்ஸ்பெக்டரைக் கொண்டுவந்து சேர்த்தார். அவரவர் தொழிலிலிருந்து ஒரு வார்த்தையை எடுத்து வைத்துவிட்டுத்தான் எழுந்தார்கள். சரியா என்று புத்தகத்தோடு ஒத்துப் பார்த்து, வேருக்குக் கீழே வரிசையாக எழுதினார். கண்ணாடி நிறைந்துபோனது.

"என் மூஞ்சி எங்கப்பா?" என்று மருந்துக்கடைக்காரர் ஒருநாள் கேட்டார்.

"ரப்ட் வரிசைக்குப் பின்னாடி இருக்கு சார். கொஞ்சம் தள்ளி உட்காருங்க."

சாயங்காலம் நர்ஸ் வேலை முடிந்து வந்ததும் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அவரை அந்த நாற்காலியில் உட்கார வைப்பார். நாளெல்லாம் தொப்பிக்குள் இறுகிக் கிடந்த கொண்டையிலிருந்து ஊசிகளை ஒவ்வொன்றாக உருவி, முடியைச் சீப்பால் மெல்லச் சிக்கெடுத்துக்கொண்டே பின்னாலிருந்து வார்த்தைகளைப் படிப்பார். நர்ஸ் கண்ணாடியைப் பார்த்து அர்த்தம் சொல்வார். ஒழுங்காகப் பாடம் நடத்தினால் அவர் கப்சா இல்லையே. அன்றன்றைய வார்த்தைகளுக்கு நடுவில் தன் சொந்தச் சரக்கு ஒன்றையும் எழுதிவைப்பார். அதை நர்ஸ் கண்டுபிடித்து, "கப்சா!" என்று கையைத் தூக்க வேண்டும். பிடிபட்ட வார்த்தையை அங்கேயே துண்டால் அழித்துவிட வேண்டும். இதுதான் விதி.

"கேப்பிபோர்ட்டர்" என்று ஒருநாள் படித்தார். "கேப்பிட்னா தலை. தலைச்சுமை தூக்குறவர்."

"கப்சா!"

துண்டு கண்ணாடியில் ஓடியது.

"பெடிரப்ஷன். பெட்னா கால், ரப்ட்னா உடையுறது. கால் முறிவு. மெடிக்கல் வார்த்தை, உனக்குத் தெரிஞ்சிருக்கணுமே."

"கப்சா! எங்க வார்டுல அதுக்கு ஃப்ராக்சர்னு பேரு. டாக்டர்கிட்டப் போய், பெடிரப்ஷன் பேஷண்ட் வந்திருக்கார்னு சொன்னா என்னைத்தான் பெட்டுல படுக்க வைப்பாங்க."

எவ்வளவு ஜோராகச் செய்தாலும் பிடித்துவிடுவார். எப்படிப் பிடிக்கிறார் என்பது கப்சாவுக்கு அப்போது விளங்கவில்லை. ஆனால் பொய்யைத் தேடுகிற சாக்கில் நிஜம் நர்ஸின் மண்டையில் உட்கார்ந்துகொண்டது. தெரியாத வார்த்தை வந்தாலும், "இரு, இவன் யாரு வீட்டுப் பிள்ளை?" என்று வேரைத் தேடி அர்த்தத்தைப் பிடிக்க ஆரம்பித்தார். மாதிரித் தேர்வில் முன்பு வழுக்கிய இடத்தை எல்லாம் தாண்டிவிட்டு வந்து, கடைவாசலிலேயே நின்று கணவனின் தோளில் ஒரு குத்து விட்டார்.

கப்சாவும் சிரித்தார். சிரித்துக்கொண்டே திரைச்சீலைக்குப் பின்னால் போய், ஏற்கெனவே கழுவிவைத்த டம்ளரை மறுபடி கழுவினார். அவள் ஒவ்வொரு வார்த்தையைப் பிடிக்கும்போதும் விமான நிலையம் கொஞ்சம் பக்கத்தில் வருகிறது. ஒவ்வொரு சாயங்காலமும் சீப்பும் கையுமாக அதை இழுத்துக் கொண்டுவருவது வேறு யாரும் இல்லை, அவரேதான்.

தேர்வுத் தேதி வந்த நாளில் அவர் டொம் என்ற வேரில் இருந்தார். வீடு. டொமஸ்டிக், டொமிசைல் எல்லாம் அதன் பிள்ளைகள். ரீ என்றால் திரும்ப என்பது ஏற்கெனவே பாடம் ஆகியிருந்தது. இரண்டையும் சேர்த்து, வீட்டுக்குத் திரும்பி வருவதற்கு ஒரு வார்த்தை இருக்கும் என்று அந்தப் பக்கம் முழுவதும் விரலை வைத்துத் தேடினார். இல்லை. வாடிக்கையாளர்களைக் கேட்டார். ஒருவருக்கும் தெரியவில்லை. "என்னய்யா இது, போறதுக்கு ஆயிரம் வார்த்தை வச்சிருக்கான். இந்த இங்கிலீஷ்காரன் வீட்டுக்கே திரும்ப மாட்டானா?" என்று கோபம் வந்தது. சோப்பை எடுத்தார்.

அன்று சாயங்காலம் மற்ற வார்த்தைகளுக்கு நடுவில் அதையும் படித்தார்.

"ரீடொமேஷன். வீட்டுக்குத் திரும்பி வர்றது."

நர்ஸ் கண்ணாடியைப் பார்த்தார். அவர் கையைத் தூக்குவார் என்று கப்சா துண்டை எடுத்து வைத்துக்கொண்டார். கை எழவில்லை.

"ரீடொமேஷன்" என்று நர்ஸ் மெதுவாக ஒருமுறை சொல்லிப் பார்த்தார். "அடுத்தது?"

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். துண்டு கையிலேயேதான் இருந்தது. நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தார். மறுநாள் கடை திறந்தபோது வெயில் கண்ணாடியில் விழுந்து அந்த வார்த்தை பளிச்சென்று இருந்தது. இன்னொரு நாள் இருக்கட்டுமே என்று தோன்றியது. தெருக்காரர்கள் வேறு அதைத் தூக்கிவைத்துக் கொண்டாடினார்கள். தையல்கடைக்காரர் கடையைப் பூட்டும்போது, "நான் ரீடொமேஷன் கிளம்புறேன்பா" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார். அப்படியே தேர்வு நாள் வந்துவிட்டது.

அன்று காலை நர்ஸ் பஸ் ஏறிப் போன பிறகு லாரிக்காரர் ஷேவ் செய்துகொள்ள வந்தார். ஒரு கன்னம் முடிந்தது. கப்சா கத்தியைத் துடைத்துக்கொண்டு இந்தப் பக்கம் வந்தார்.

"அட, சொல்ல மறந்துட்டேன்பா" என்றார் லாரிக்காரர். "முந்தாநேத்து உன் வீட்டுக்காரம்மா பஸ் ஸ்டாப்புல நின்னுச்சு. பேச்சுத் தேர்வுல உங்க எதிர்காலத் திட்டம் என்னன்னு கேட்பாங்களாம். அதுக்கு இந்த வார்த்தையைத்தான் சொல்லப் போறேன்னுச்சு." அவர் கை எழுந்து கண்ணாடியைக் காட்டியது. "ரீடொமேஷன். சூப்பர் வார்த்தைன்னேன்."

கப்சாவின் கத்தி அந்தரத்தில் நின்றது.

"அண்ணே, அப்படியே உட்காருங்க. வந்துடுறேன்."

"டேய்! பாதி மூஞ்சி—"

அதற்குள் கப்சா தெருவில் இருந்தார். ஏப்ரனோடு, கையில் கத்தியோடு, ஒரு செருப்போடு. இன்னொரு செருப்பு கடைவாசலிலேயே தங்கிவிட்டது. தேர்வு நடக்கும் கட்டடத்தின் வாசலுக்கு அவர் மூச்சிரைக்க வந்து சேர்ந்தபோது அங்கே நின்ற வாட்ச்மேன் இரண்டு அடி பின்னால் போனார்.

"யோவ், கத்தியோட எங்கய்யா வர்றே?"

அப்போதுதான் கப்சா தன் கையைப் பார்த்தார். கத்தியை மடக்கி அவரிடமே கொடுத்தார். "நீங்களே வச்சுக்கங்க. உள்ளே என் சம்சாரம் பரீட்சை எழுதுது. ஒரே ஒரு வார்த்தை சொல்லணும்."

"விடை சொல்ல வந்தியா? அதுக்குப் பேர் காப்பி."

"விடை இல்லைங்க. பொய். நான் ஒரு வார்த்தை சொல்லிக் குடுத்தேன், அது பொய். அப்படி ஒரு வார்த்தையே கிடையாதுன்னு சொல்லிட்டுப் போயிடுறேன்."

வாட்ச்மேன் அவரை மேலிருந்து கீழ்வரை, ஒற்றைச் செருப்பு வரை பார்த்தார். "கட்டின பொண்டாட்டிக்கே பொய்யா சொல்லிக் குடுப்பே?"

"விளையாட்டுங்க."

"நல்லா விளையாடினே. அங்க போய் உட்காரு."

மரத்தடியில் ஒரு சிமெண்ட் பெஞ்சு இருந்தது. உட்கார்ந்தார். உள்ளே அவள் மேஜைக்கு எதிரே முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து அந்த வார்த்தையைச் சொல்லியிருப்பாள். எதிரே இருப்பவர் பேனாவை நிறுத்தியிருப்பார். மறுபடி ஒருமுறை தவறிவிட்டால் இந்த வாய்ப்பு வேறு யாருக்காவது போய்விடும். வாய்ப்பு போய்விட்டால் அவள் எங்கும் போகமாட்டாள். சாயங்காலம் நாற்காலியில் வந்து உட்காருவாள்.

அந்த நினைப்பு இனித்தது. ஒரு நொடிதான். கதவைச் சாத்திவிட்டு வந்த ஆம்புலன்ஸ்களைப் பற்றி அவள் பேசும்போது அவள் முகம் எப்படி இருக்கும் என்பது அதற்குப் பின்னாலேயே வந்தது. கப்சா ஏப்ரனால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். ஏப்ரனில் ஒட்டியிருந்த லாரிக்காரரின் மயிர்த்துணுக்கெல்லாம் கன்னத்தில் குத்தியது. குத்தட்டும் என்று விட்டுவிட்டார்.

வெகுநேரம் கழித்து நர்ஸ் வெளியே வந்தார். வாட்ச்மேன் சொல்வதற்கு முன்பே இவரைப் பார்த்துவிட்டார்.

"என்னங்க இது கோலம்? இன்னொரு செருப்பு எங்கே?"

"அந்த வார்த்தையைச் சொல்லிட்டியா?"

"எதை?"

"ரீடொமேஷன். அது கப்சா. நான் செஞ்சது. புத்தகத்துல இல்ல, எங்கேயும் இல்ல. நீ பிடிச்சிடுவேன்னு நினைச்சேன். நீ பிடிக்கல. அப்புறம் சொல்ல... சொல்ல வரல எனக்கு."

நர்ஸ் அவருக்குப் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தார். கன்னத்தில் ஒட்டியிருந்த மயிர்த்துணுக்குகளை விரலால் ஒவ்வொன்றாக எடுத்தார்.

"அது கப்சான்னு அன்னைக்கே தெரியும்."

"எப்படி?"

"கப்சா வர்ற இடத்துல உங்க சீப்பு நின்னுடும். எப்பவும் ஒரு நொடி நிக்கும். அன்னைக்கு ரொம்ப நேரம் நின்னுச்சு."

கப்சா தன் கையைப் பார்த்தார், அது ஏதோ காட்டிக்கொடுத்த கூட்டாளி என்பதுபோல. "அப்புறம் எதுக்கு லாரிக்கார அண்ணன்கிட்ட அப்படிச் சொன்னே?"

"அவர் காதுல போட்டா அன்னைக்கே உங்க காதுக்கு வரும்னு நினைச்சேன். நீங்களா வாயைத் திறப்பீங்கன்னு. அந்த மனுஷன் இன்னைக்குத்தான் சொல்லியிருக்காரா? நம்பி ஒரு கப்சா விட முடியல." அவர் சிரித்தார். "பரீட்சையில அதைச் சொல்ல எனக்கென்ன பைத்தியமா? மத்ததெல்லாம் நல்லா வந்துச்சுங்க. தெரியாதது வந்தா வேரைப் பிடிச்சேன்."

"தெரிஞ்சும் ஏன் கையைத் தூக்கல?"

நர்ஸ் எடுத்த மயிர்த்துணுக்கை விரல் நுனியிலிருந்து ஊதினார்.

"பிடிச்சா நீங்க அழிச்சிருப்பீங்கல்ல?"

கப்சா தலையை ஆட்டினார்.

"இப்பவும் பிடிக்க மாட்டேன்" என்றார் நர்ஸ். "போய்ட்டு, வேலை கத்துக்கிட்டு, திரும்பி வந்து அந்த நாற்காலியில உட்கார்ந்து பிடிக்கிறேன். அதுவரைக்கும் அழிக்காதீங்க."

வாட்ச்மேனிடமிருந்து கத்தியை வாங்கிக்கொண்டு கிளம்பினார்கள். கடையில் லாரிக்காரர் நுரை காய்ந்த அரை முகத்தோடு அதே நாற்காலியில் உட்கார்ந்து, கோபத்தில் அட்டை இல்லாத அந்தப் புத்தகத்தைப் பாதிவரை படித்திருந்தார். கப்சா வாசலில் விட்டுப்போன செருப்பைத் தேடிக்கொண்டிருந்ததால் நர்ஸ்தான் பிரஷ்ஷை வாங்கி அவருடைய மறு கன்னத்துக்கு நுரை போட்டார்.

நர்ஸ் தேறினார், போனார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு விமான நிலையம் வரை லாரிக்காரர்தான் கொண்டுபோய் விட்டார். வண்டியின் நெற்றியில் எழுதியிருந்த வேலைதான், ஆனாலும் திரும்பும் வழியெல்லாம் அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டே ஓட்டினார்.

கப்சா கண்ணாடியைக் கழுவிவிட்டார். இப்போது வாடிக்கையாளர்களுக்கு அவரவர் முகம் முழுதாகத் தெரிகிறது. மேலே ஒரு மூலையில் மட்டும் ஒரு வார்த்தை இருக்கிறது. வெந்நீர் ஆவி பட்டு மங்கும்போதெல்லாம் சோப்பால் அதன்மேலேயே மறுபடி எழுதிவிடுகிறார். நர்ஸ் ஃபோனில் கூப்பிடும்போது கேமராவை முதலில் அந்த மூலைக்குத்தான் காட்டச் சொல்வாராம்.

போன வாரம் புதிதாக ஒருவர் முடி வெட்ட வந்தார். ஏதோ கல்லூரியில் இங்கிலீஷ் சொல்லிக் கொடுப்பவர். அந்த மூலையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அது என்ன வார்த்தை?" என்று கேட்டார்.

"வீட்டுக்குத் திரும்பி வர்றது சார். லத்தீன்."

"அப்படி ஒரு வார்த்தை இங்கிலீஷ்ல கிடையாதே. யாரோ உங்களுக்குக் கப்சா விட்டிருக்காங்க."

கத்தரி நிற்கவே இல்லை.

"நீங்க பிடிச்சா செல்லாது சார்" என்றார் கப்சா. "தலையைக் கொஞ்சம் குனிங்க. பிடிக்கிற ஆள் வரட்டும்."